கூகுள் ஃபார்மில் வரும் புகாரை கிட்ஹப் இஷ்யூவாக்குவது எப்படி?

வாடிக்கையாளர் சொன்ன குறை ஒரு ஷீட்டில் கிடக்கும். அதைச் சரிசெய்ய வேண்டிய டெவலப்பரோ கிட்ஹப்பை (புரோகிராம் கோடை வைத்து வேலை செய்யும் தளம்) மட்டும்தான் திறந்து பார்ப்பார். இந்த இரண்டையும் கோத்துவிட கூகுள் ஃபார்ம், ஷீட், அதனுடன் வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்டுக்குள்ளேயே சிறு புரோகிராம் எழுதும் வசதி), ஒரு கிட்ஹப் கணக்கு போதும். ஜாவாஸ்கிரிப்ட் லேசாகத் தெரிந்திருந்தால் நல்லது.

ஃபார்மில் எது வந்தாலும் உடனே இஷ்யூவாகும்படிதான் (இஷ்யூ என்பது கிட்ஹப்பில் ஒரு குறைக்கான பதிவு) நான் முதலில் செய்துவைத்தேன். 'சூப்பர் ஆப்', 'லாகின் ஆகல', 'லாகின் ஆகவே மாட்டேங்குது' என்று குவிந்ததும் டெவலப்பர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அதனால் இங்கே நடுவில் ஒரு ஆள் படித்துப் பார்த்து, சரி என்றால்தான் இஷ்யூ போகும்.

படி 1: ஃபார்மில் மூன்று கேள்விகள் வையுங்கள். என்ன செய்யப் போனீர்கள், என்ன நடந்தது, எந்த போன் அல்லது பிரவுசர். பதில் அனுப்ப மின்னஞ்சல் முகவரியையும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில்கள் சேரும் ஷீட்டின் கடைசியில் 'அனுப்பு', 'இஷ்யூ எண்' என இரண்டு காலம் (நெடுவரிசை) சேர்த்துக்கொள்ளுங்கள். 'அனுப்பு' காலத்தில் செக்பாக்ஸ் வைக்கத் தோன்றும். ஒவ்வொரு பதிலும் புது வரிசையாக நுழைவதால் அது நிலைக்காது. 'ஆம்' என்று தட்டினால் போதும்.

படி 2: கிட்ஹப் செட்டிங்ஸில் டெவலப்பர் செட்டிங்ஸுக்குப் போய் ஃபைன்-கிரெய்ண்ட் டோக்கன் (எதற்கு அனுமதி என்று தனித்தனியாகக் குறிக்கக்கூடிய ரகசியச் சாவி) ஒன்று எடுங்கள். ஒரே ஒரு ரெப்போவுக்கு (கிட்ஹப்பில் உங்கள் ஆப்பின் கோடு இருக்கும் இடம்), 'இஷ்யூஸ்' என்பதற்கு மட்டும் ரீட் அண்ட் ரைட் அனுமதி. டோக்கன் ஒருமுறைதான் கண்ணில் படும், உடனே காப்பி செய்து, ஆப்ஸ் ஸ்கிரிப்டின் புராஜெக்ட் செட்டிங்ஸில் இருக்கும் ஸ்கிரிப்ட் பிராப்பர்ட்டீஸில் போடுங்கள். புரோகிராம் கோடுக்குள் எழுதிவைக்காதீர்கள்.

படி 3: ஷீட்டின் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்டைத் திறந்து ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். மாறிய செல் 'அனுப்பு' காலத்தில் இருக்கிறதா, மதிப்பு 'ஆம்' தானா, 'இஷ்யூ எண்' காலியா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவதை விட்டால் ஒரே புகார் இரண்டு இஷ்யூவாகும். பிறகு கிட்ஹப் ஏபிஐயின் (வேறு புரோகிராம்கள் கிட்ஹப்போடு பேசும் வழி) இஷ்யூஸ் முகவரிக்கு டைட்டில், பாடி, லேபிள்ஸ் மூன்றையும் ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில் போஸ்ட் செய்யுங்கள். கிட்ஹப்பிடமிருந்து 201 என்ற பதில் எண் வந்தால் இஷ்யூ உருவாகிவிட்டது, வேலை முடிந்தது. பதிலில் இருக்கும் இஷ்யூ எண்ணை ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

வாடிக்கையாளர் எழுதியதை பாடிக்குள் கோடு பிளாக்காக (மூன்று ` குறிகளுக்கு நடுவே, எழுதியபடியே காட்டப்படும்) போடுங்கள். அவர் '@' போட்டு ஏதோ ஒரு பெயரை எழுதியிருந்தால், சம்பந்தமே இல்லாத ஒரு கிட்ஹப்காரருக்கு நோட்டிஃபிகேஷன் போய்விடும். '#12' என்று எழுதியிருந்தால் உங்கள் 12ஆவது இஷ்யூவோடு முடிச்சு விழும். மின்னஞ்சல், போன் எண் எதையும் இஷ்யூவில் சேர்க்க வேண்டாம். ஷீட்டின் வரிசை எண் இருந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

படி 4: பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். ஃபங்ஷனுக்கு 'ஆன்எடிட்' (onEdit) என்று பெயர் வைத்தால் அது தானாக ஓடும், ஆனால் அனுமதி கேட்கும் வேலை எதையும் செய்யாது. வெளியே இணையத்தைத் தொடவே முடியாது. வேறு பெயர் வைத்து, இடப்பக்கக் கடிகார ஐகானில் டிரிகர் (ஒரு நிகழ்வு நடந்ததும் ஃபங்ஷனை ஓட்டும் ஏற்பாடு) ஒன்றைச் சேர்த்து 'ஆன் எடிட்' தேர்ந்தெடுங்கள்.

படி 5: ஒரு வரிசையில் 'ஆம்' தட்டிப் பாருங்கள். 401 வந்தால் டோக்கன் தப்பு அல்லது காலாவதி. 404 வந்தால் முகவரியைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால் டோக்கனைச் சந்தேகியுங்கள்: பிரைவேட் ரெப்போவுக்கு அனுமதி இல்லையென்றால், அப்படி ஒன்று இருப்பதையே காட்டாமல் கிட்ஹப் 404 தான் சொல்லும்.

படி 6: தினம் ஒருமுறை ஓடும் டைம் டிரிகர் வைத்து, எண் உள்ள வரிசைகளின் நிலையைக் கேளுங்கள். 'குளோஸ்ட்' என்று வந்தவுடன் 'சரிசெய்துவிட்டோம்' என்று மெயில் தட்டிவிடாதீர்கள். மூடிய காரணத்தையும் ஏபிஐ சொல்லும். 'கம்ப்ளீட்டட்' என்றால் மெயில் தானாகப் போகட்டும். 'நாட் பிளான்ட்' என்றால் அந்த வரிசைக்குச் சிவப்பு நிறம் பூசி நிறுத்துங்கள். அந்தப் பதிலை ஒரு மனிதர்தான் எழுத வேண்டும்.