நியூயார்க் ஆன்லைன் ஆர்டருக்கு விற்பனை வரியை நீங்களே கணக்கிடுவது எப்படி?

அமெரிக்கக் கடைகள் தளத்தில் காட்டும் விலையில் பெரும்பாலும் விற்பனை வரி சேர்ந்திருக்காது. பணம் கட்டும் பக்கத்தில்தான் ஏறும். அந்தத் தொகை சரியா என்று பார்க்க ஒரு பேனாவும் ஐந்து நிமிடமும் போதும். நியூயார்க் நகரின் ஒரு பகுதியான புரூக்ளினுக்குப் போகும் ஒரு ஆர்டரை வைத்துப் பார்ப்போம்: ஹெட்ஃபோன் 100 டாலர், சட்டை 60 டாலர், டெலிவரி 10 டாலர்.

படி 1: பொருள் எங்கே போய்ச் சேருகிறது?

விகிதம் டெலிவரி முகவரியைப் பொறுத்தது. கார்டின் பில்லிங் முகவரியைப் பொறுத்ததல்ல. புரூக்ளினில் இருந்துகொண்டு ஒரேகானில் இருக்கும் அக்காவுக்குப் பரிசு அனுப்பினால் வரி கிடையாது, அந்த மாநிலத்தில் விற்பனை வரியே இல்லை. ஜிப் கோடை மட்டும் வைத்து விகிதம் தேடாதீர்கள். அது தபால் பட்டுவாடாவுக்காகப் பிரித்தது; ஊர், கவுன்டி (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம்) எல்லைகளைத் தாண்டியும் போகும். மாநில வரித்துறைத் தளத்தில் தெருப் பெயரோடு முழு முகவரியையும் கொடுத்துப் பாருங்கள்.

படி 2: விகிதத்தைக் கூட்டுங்கள்

மாநிலம் 4%, நியூயார்க் நகரம் 4.5%, பெருநகரப் போக்குவரத்து மாவட்டம் 0.375%. மொத்தம் 8.875%.

படி 3: பொருளைத் தனித்தனியாகப் பாருங்கள்

பலர் தவறுவது இங்கேதான். நியூயார்க் நகரில் 110 டாலருக்குக் குறைவான துணிக்கும் காலணிக்கும் வரி இல்லை. வரம்பு ஒவ்வொரு உருப்படிக்கும் தனி. 60 டாலர் சட்டை மூன்று வாங்கினாலும் வரி வராது. ஆனால் 120 டாலர் ஜாக்கெட் என்றால், கூடுதலாக உள்ள 10 டாலருக்கு மட்டுமல்ல, முழு 120-க்கும் வரி: 10.65 டாலர். அதே ஜாக்கெட்டுக்குக் கடையே 15 டாலர் கூப்பன் தந்தால் விலை 105 ஆகிவிடும், வரி போய்விடும். தயாரிப்பாளர் தரும் கூப்பனுக்கு இந்தப் பலன் இல்லை; வரிக் கணக்கில் விலை 120-ஆகவே நிற்கும்.

படி 4: டெலிவரிக் கட்டணம்

வரி உள்ளதும் இல்லாததும் ஒரே பில்லில் கலந்து, டெலிவரிக்கு ஒரே தொகை போட்டிருந்தால், அந்தத் தொகை முழுவதற்கும் வரி உண்டு. ஆகவே நம் ஆர்டரில் 100 + 10 = 110. அதில் 8.875% என்றால் 9.76 டாலர். சட்டைக்கு ஒன்றுமில்லை. பில்லில் 15.09 என்று இருந்தால், சட்டைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். விற்றவரிடம் திருப்பிக் கேளுங்கள்.

வரியே போடாமல் பில் வந்தால்?

2018 ஜூன் 21-இல் வேஃபேர் என்ற ஆன்லைன் கடை தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன் எல்லைக்குள் கடையோ கிடங்கோ இல்லாத விற்பனையாளரும் வாங்குபவரிடம் வரி வசூலித்துத் தர வேண்டும் என்று ஒரு மாநிலம் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் நியூயார்க்கில் விற்பனை குறைவாக உள்ள வெளிமாநிலச் சிறு விற்பனையாளருக்கு அந்தக் கடமை இல்லை. அப்போது கடமை வாங்கியவருடையது: அதே விகிதத்தில் பயன்பாட்டு வரியை (விற்றவர் வசூலிக்காதபோது வாங்கியவரே கட்டுவது) கணக்கிட்டு, மாநில வருமான வரிப் படிவத்தில் அதற்கென உள்ள கட்டத்தில் எழுத வேண்டும். கட்ட வேண்டியது இல்லையென்றாலும் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது, 0 போடுங்கள்.