சிறுவர் விரை முறுக்கம்: ஸ்கேனில் நாணைத் தேடுங்கள்

பையன் “வயிறு வலிக்குது” என்றுதான் வருவான், கூச்சம். கூடவே வாந்தியும் இருந்தால் குடல்வால் என்று நினைத்து வயிற்றை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவதுண்டு. அடிவயிற்று வலியோடு வரும் சிறுவனின் விரைப்பையையும் பார்த்துவிடுங்கள். விரையைத் தாங்கி, அதற்கு இரத்தம் கொண்டுவரும் விந்து நாண் முறுகி ஓட்டம் அடைபட்டிருக்கலாம். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டு, ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள். 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் பெரும்பாலும் விரை பிழைக்கும். 24 மணி நேரம் தாண்டினால் அரிது.

விரை கல்போல் இறுகி, வீங்கி, மேலேறி, உள்தொடையை வருடியும் அசையாமல், குமட்டலும் இருந்தால் ஸ்கேனுக்காகக் காக்க வைக்காதீர்கள். நேரே ஆபரேஷன் தியேட்டர்.

மற்றவர்களை மல்லாக்கப் படுக்கவைத்து, விரைப்பைக்கு அடியில் சுருட்டிய துண்டு கொடுங்கள். ஜெல் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்தது பட்டால் விரை மேலே ஓடிவிடும். 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட லீனியர் புரோப் போதும். அழுத்தக் கூடாது, சின்ன விரையில் இருக்கிற ஓட்டமும் நின்றுபோகும்.

வலியில்லாத பக்கத்தில் தொடங்குங்கள். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரில் ஸ்கேல் விநாடிக்கு 3 முதல் 5 செ.மீ., மெதுவான ஓட்டத்தை வடிகட்டிவிடும் வால் ஃபில்டர் ஆகக் குறைவு. சிக்னலைப் பெருக்கும் கெயினைப் புள்ளி தெறிக்கும்வரை ஏற்றி, ஒரு படி இறக்குங்கள். அந்த செட்டிங்கைத் தொடாமல் வலிக்கும் பக்கம் போங்கள். பிறகு புரோபைக் குறுக்காக நடுவில் வைத்து இரண்டையும் ஒரே ஃபிரேமில் எடுங்கள். 1 மி.லி.கூட இல்லாத குட்டி விரையில் இயல்பாகவே நிறம் தெரியாமல் போகலாம். நல்ல பக்கத்திலும் தெரியவில்லையென்றால், மெல்லிய ஓட்டத்தையும் பிடிக்கும் பவர் டாப்ளரைப் போடுங்கள். அதிலும் இல்லையென்றால் டாப்ளர் எதையும் சொல்லவில்லை என்றே பொருள்.

அப்போது கைகொடுப்பது விந்து நாண். தொடை இடுக்கின் வெளி வளையத்திலிருந்து குறுக்குவாக்கில் அதைத் தொடர்ந்து கீழே வாருங்கள். இயல்பான நாண் நேராக இறங்கும். முறுகிய நாண் ஓரிடத்தில் கைமுறுக்கைப்போலச் சுற்றிச் சுழன்று தெரியும். புரோபை மேலும் கீழும் நகர்த்தினால் சுழற்சி கண்ணெதிரே ஓடும். அதற்குக் கீழே நாண் தடித்து உருண்டையாகத் திரண்டிருக்கும். இந்த உருண்டையை எபிடிடிமிஸ் (விரையின் பின்னால் ஒட்டியிருக்கும் விந்துக்குழாய்ச் சுருள்) அழற்சி என்று எழுதி ஆன்டிபயாடிக்கோடு அனுப்புவதுதான் விரையைப் பறிக்கும் தவறு.

நிறம் இருப்பதால் முறுக்கு இல்லை என்றும் ஆகாது. முதலில் அடைபடுவது சிரை, பிறகே தமனி. 360 பாகைக்குக் குறைந்த முறுக்கில் தமனி ஓடிக்கொண்டே இருக்கலாம். ஓட்டத்தின் வேகத்தை அலையாக வரையும் ஸ்பெக்ட்ரம் எடுங்கள்: டயஸ்டோலிக் (இதயம் தளரும் நேரத்து) ஓட்டம் நல்ல பக்கத்தைவிடக் குறைந்தோ, நின்றோ, தலைகீழாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள். ஓரத்து நிறம் உறையுடையது. விரையின் நடுவில் இருக்கிறதா என்பதே கேள்வி. வலி சட்டென்று விட்டு நிறம் கூடியிருந்தால், முறுக்கு தானாக அவிழ்ந்திருக்கலாம். அழற்சி என்று முடித்துவிடாதீர்கள்.

விரையின் மேல்முனையில் 5 மி.மீ.க்கு மேற்பட்ட ஓட்டமற்ற உருண்டை, சுற்றிலும் ஓட்டம் மிகுதி, விரைக்குள் இயல்பு, நாணும் நேர் என்றால் முறுகியது விரையின் சிறு இணைப்பு. வலி மருந்தும் ஓய்வும் போதும். விரைப்பை காலியாக இருந்தால் தொடை இடுக்கில் தேடுங்கள். இறங்காத விரையும் முறுகும்.

முறுக்கு உறுதியென்றால் புரோபைக் கீழே வைக்குமுன்பே சர்ஜனுக்குப் போன் போகட்டும். அவர் கையால் அவிழ்க்க முயன்றால், புத்தகத்தைத் திறப்பதுபோல் உள்ளிருந்து வெளிப்பக்கம் திருப்புவார். ஏறக்குறைய மூன்றில் ஒன்று எதிர்த்திசையில் முறுகியிருக்கும்; வலி கூடினால் மாற்றித் திருப்ப வேண்டும். நிறம் திரும்பினாலும் அறுவை உண்டு. மறுபக்கமும் பெரும்பாலும் அதேபோல் தளர்ந்து தொங்குவதால், இரண்டையும் தைத்து நிறுத்துவார்கள்.