கட்டிய இன்ஜின் எத்தனை குதிரை? நாமே கணக்குப் போடலாம்

கோலாலம்பூர் பக்கம், செந்தூலில் இருந்து பூச்சோங் வரை எந்தப் பட்டறைக்குப் போனாலும், புதிதாகக் கட்டிய இன்ஜினுக்குக் குதிரைசக்தியில் ஒரு நம்பர் தயாராக இருக்கும். "இருநூறு குதிரை வரும் தம்பி, கவலைப்படாதே" என்பார் போர்மன். வரலாம், வராமலும் போகலாம். டைனோவில் (சக்தி அளக்கும் மெஷினில்) ஏற்றுவதற்கு முன்பே, ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஓரளவு சரியான விடைக்கு வந்துவிட முடியும். ஆனால் ஒரே வழியை நம்பாதீர்கள். மூன்று வழியில் போட்டு, விடைகள் அக்கம்பக்கத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான மிட்சுபிஷி 4ஜி93 இன்ஜின். புரோட்டான் சத்ரியா ஜிடிஐ காரில் வந்த இரட்டைக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) 1.8 லிட்டர், கம்பெனிக் கணக்கில் சுமார் 140 பிஎஸ் (மெட்ரிக் குதிரைசக்தி). ஒருவர் அதைச் சிலிண்டர் அரை மில்லிமீட்டர் போர் போட்டு (அகலமாக்கி), ஹெட் போர்ட் செய்து (காற்று வழிகளைச் செதுக்கி), புரோட்டான் வீரா காரில் இறக்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: கொள்ளளவு

போர் (சிலிண்டர் விட்டம்) 81.5 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 89 மிமீ. சென்டிமீட்டரில் போடுங்கள்: 8.15 × 8.15 × 0.7854 × 8.9 × 4 = 1857 சிசி. போர் போடுவதற்கு முன் 1834. கூடியது வெறும் 23 சிசி, அதாவது ஒன்றேகால் சதவீதம். "போர் போட்டாச்சு, இனி பறக்கும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். சக்தி பிறப்பது ஹெட்டிலும் கேமிலும்தான்.

படி 2: காற்று

எனக்குப் பிடித்த வழி இது. எண்ணெயை (பெட்ரோலைத்தான் சொல்கிறேன்) எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்று வேண்டுமே. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் மூச்சிழுக்கும். ஆகவே 7000 ஆர்பிஎம்மில் 3500 × 1.857 = நிமிடத்துக்கு 6500 லிட்டர்.

சிலிண்டர் அவ்வளவும் நிரம்பாது. உச்ச ஆர்பிஎம்மில் சாதாரண இன்ஜின் 85 சதவீதம் நிரம்பும்; போர்ட்டும் கேமும் நன்றாக அமைந்தால் 95 வரை போகும். ரேஸ் இன்ஜின்கள் 100-ஐத் தாண்டும், நாம் அந்தக் கனவு காண வேண்டாம். 95 என்றால் 6175 லிட்டர்.

இங்கே கோலாலம்பூர் வெயில் குறுக்கே வருகிறது. குளிர்நாட்டு அட்டவணைகளில் ஒரு கனமீட்டர் காற்று 1.2 கிலோவுக்கு மேல். நம் 32 டிகிரிப் புழுக்கத்தில் அது 1.14 கிலோதான். 6.175 × 1.14 = நிமிடத்துக்கு 7 கிலோ. டர்போ இல்லாத இன்ஜினில் நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று சுமார் 21 குதிரை தரும். விடை 147, கிராங்கில், அதாவது சக்கரத்துக்குப் போகும் முன் இன்ஜினிலேயே.

படி 3: இன்ஜெக்டர்

ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) லாக்கில் உச்ச ஆர்பிஎம்மின்போது டியூட்டி சைக்கிளை, அதாவது இன்ஜெக்டர் எத்தனை சதவீத நேரம் திறந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். நிமிடத்துக்கு 275 சிசி எண்ணெய் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கு, டியூட்டி 68 சதவீதம் என்றால் 275 × 4 × 0.68 = 748. ஒரு குதிரைக்கு நிமிடத்துக்குச் சுமார் 5.25 சிசி எண்ணெய் வேண்டும், ஆகவே இதை 5.25-ஆல் வகுத்தால் 142 குதிரை. டர்போ இன்ஜின் எண்ணெய் அதிகம் குடிக்கும், அதற்கு 6.3-ஆல் வகுங்கள். இன்ஜெக்டரில் எழுதியிருக்கும் சிசி பெரும்பாலும் 3 பார் அழுத்தத்துக்கானது. எண்ணெய் அழுத்த ரெகுலேட்டரை 4 பாருக்கு ஏற்றியிருந்தால் அதே இன்ஜெக்டர் 15 சதவீதம் கூடுதலாக ஊற்றும். இதை மறந்தால் கணக்கு மொத்தமும் போச்சு.

படி 4: ஓட்டிப் பார்ப்பது

முதலில் எடை. பழைய இரும்புக் கடையில் லோரி ஏற்றும் எடை மேடை இருக்கும், நீங்களும் காரில் உட்கார்ந்தபடியே போடுங்கள். 1120 கிலோ என்று வைப்போம். அப்புறம் சமதளத்தில், இரண்டாம் கியரில் முழுசாக மிதித்து, ஜிபிஎஸ் லாக்கரில் 85-இலிருந்து 95 கிமீ வேகத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். செப்பாங் சர்க்யூட்டில் ட்ராக் டே நடக்கும்போது செய்யுங்கள், ஃபெடரல் ஹைவேயில் வேண்டாம். எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு நேர்ப்பாதைகளில் ஒவ்வொன்று எடுத்துச் சராசரி போட்டால் காற்று பெரும்பாலும் கழிந்துவிடும்.

ஒரு நொடி ஆனது என்றால், கூடிய 10 கிமீ வேகம் விநாடிக்கு 2.78 மீட்டர், ஆக வேக வளர்ச்சி 2.78. அதை எடையால் பெருக்கி, சராசரி வேகமான விநாடிக்கு 25 மீட்டரால் பெருக்கினால் 78 கிலோவாட். காற்றெதிர்ப்பும் டயர் உருளலும் அந்த வேகத்தில் சுமார் 10 கிலோவாட் தின்னும். ஆக 88, 0.746-ஆல் வகுத்தால் சக்கரத்தில் 118 குதிரை. முன்சக்கரக் காரில் கியர்பாக்ஸ், ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து 15 சதவீதம் போகும், எனவே 118-ஐ 0.85-ஆல் வகுக்க 139. ஃபிளைவீலையும் சக்கரங்களையும் சுழற்றப் போன சக்தியை இதில் சேர்க்கவில்லை. அதனால் உண்மை இதற்குக் கொஞ்சம் மேலேதான்.

147, 142, 139. இந்த இன்ஜின் 140-க்கும் 147-க்கும் நடுவில் இருக்கிறது. இருநூறு இல்லை. மூன்றில் ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றால் அந்தப் படியின் அளவுகளை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் எடையோ எண்ணெய் அழுத்தமோ தப்பாக இருக்கும்.

டைனோவுக்குப் போனால் நம்பரைப் பார்க்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது சக்கரத்திலா கிராங்கிலா? வெப்பத்துக்குத் திருத்தம் போட்டதா, போடாததா? சக்கரத்தில் 121 என்று தாள் வந்தால் முகம் வாட வேண்டாம், கிராங்கில் அது 142.