பால் கவரிலிருந்து தொடங்குங்கள்

தஞ்சாவூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். பிள்ளைகளையும் அவர்கள் வீட்டாரையும் குப்பை பிரிக்கப் பழக்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 'அதிக பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வருபவருக்குப் பரிசு' என்று ஒரு வருடம் அறிவித்தேன். இரண்டே வாரத்தில் சாக்கு சாக்காக வந்து குவிந்தது. விசாரித்தால், பாதி கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் பொறுக்கியவை. ஒரு பையனுக்கு அவன் அப்பா பழைய பேப்பர் கடையில் காசு கொடுத்தே வாங்கித் தந்திருந்தார். யார் வீட்டுக் குப்பைக் கூடையும் மாறவில்லை. கூல்டிரிங்ஸ் வாங்கும் வழக்கமே இல்லாத வீட்டுப் பெண் ஒருத்தி, "எங்க வீட்ல பாட்டிலே இல்ல டீச்சர்" என்று தலைகுனிந்து நின்றாள். வகுப்பிலேயே குறைவாகக் குப்பை போடும் வீடு அவளுடையதுதான். அன்றோடு எடைப் போட்டி, எண்ணிக்கைப் போட்டி எல்லாவற்றையும் விட்டேன். நீங்களும் வைக்காதீர்கள்.

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது பால் கவர். தினமும் காலையில் வீட்டுக்குள் வருகிறது, நல்ல பாலித்தீன், சுத்தமாக இருந்தால் பழைய பேப்பர் கடையில் வாங்கிக்கொள்வார்கள். கழுவாத கவரோ மறுநாளே நாறிவிடும், அதை யாரும் தொடமாட்டார்கள். கறந்த பால் வாங்கும் வீடுகளுக்கு மாவு கவர், பருப்பு கவர் என்று மாற்றிக்கொள்ளலாம்.

வகுப்பில் பேசுவதைவிடச் செய்து காட்டுங்கள். கத்தரிக்கோலால் மூலையை வெட்டும்போது முழுவதும் துண்டிக்கக் கூடாது, துணுக்கு கவரோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். தனியாக விழுந்த துணுக்கை யாரும் பொறுக்குவதில்லை, அது நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். பாலை ஊற்றியதும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்க வேண்டும். அந்தத் தண்ணீரைப் பாலிலேயே சேர்க்கும் வீடுகள் உண்டு, அதுவும் சரிதான். அப்புறம் மேல்பக்கத்தை முழுவதும் திறந்து இன்னொரு முறை அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவிட வேண்டும். காய்ந்ததைப் போட அடுப்படிக் கதவில் ஓர் ஆணி, அதில் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சப்பை. இவ்வளவு போதும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். காலை ஆறு மணிக்கு அந்தக் கவரை வெட்டுவது பிள்ளை இல்லை, அம்மாவோ பாட்டியோதான். அவர்கள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றினால் ஒரு வாரம்கூட ஓடாது. அதனால் அலசுவதும் கொடியில் போடுவதும் பிள்ளையின் வேலை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆண் பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் நான் பாட்டிகளைத்தான் முதலில் பேசச் சொல்வேன். மளிகை கட்டி வந்த சணலைக்கூடச் சுற்றி வைத்தவர்கள் அவர்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் எத்தனை வருடம் பருப்பு டப்பாவாக இருந்தது என்று அவர்கள் சொன்னால், அதற்குமேல் நாம் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுப்புப் பற்றவைக்கக் கவரைக் கொளுத்தும் வீடுகளும் இருக்கும். அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். பிளாஸ்டிக் புகை அடுப்பருகில் உட்காருபவருடைய நெஞ்சுக்குத்தான் முதலில் கெடுதல் என்பதை மட்டும் சொல்லி, காய்ந்த தென்னம்பாளையையும் கொட்டாங்கச்சியையும் நினைவுபடுத்துங்கள்.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பையை வாங்குங்கள். எண்ண வேண்டாம். 'கழுவிக் காய்ந்ததா?' என்று மட்டும் பார்த்து ஒரு டிக். ஈரமாக வந்தால் பள்ளிக் கொடியில் போட்டுக் காயவைத்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்பாதீர்கள். கடையில் பெரிய தொகை கிடைக்காது, அதை முன்பே சொல்லிவிடுங்கள். வந்த காசைக் கரும்பலகையில் எழுதி, என்ன வாங்கலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள். என் வகுப்பு கீரை விதை வாங்கியது.

இது பழகிய பிறகு மக்கும் குப்பை. ஆடு மாடு இருக்கும் வீட்டில் தோல், காய்க்கழிவு எல்லாம் அவற்றுக்கே போகட்டும், உரக்குழி தேவையில்லை. இல்லாத வீட்டுக்கு ஒரு பழைய பெயிண்ட் வாளி. பக்கத்திலும் அடியிலும் துளை போட்டு, கீழே தேங்காய் நார் பரப்பி, ஒரு கை காய்க்கழிவுக்கு இரண்டு கை காய்ந்த சருகு என்று போட்டு வரவேண்டும். அவ்வப்போது கொஞ்சம் புளித்த மோர் தெளித்து, மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறிவிடலாம். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். நிறைந்ததும் மூடி வைத்தால் சுமார் இரண்டு மாதத்தில் உரமாகிவிடும்.

சிப்ஸ் பாக்கெட்டைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். உள்ளே பளபளக்கும் அந்த உறை பல அடுக்குகள் ஒட்டியது, பழைய பேப்பர் கடையில் எடுக்கமாட்டார்கள். அதைக் குறைவாக வாங்குவதுதான் வழி.

மீதி இருப்பது உடைந்த கண்ணாடி, பிளேடு, பல்பு, பேட்டரி, நாப்கின். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னவை. ஆனால் இந்த மீதிக் குப்பையைத் தனியாக வைக்க நான் சொல்லிப் பிள்ளைகள் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைக் காவலர் அக்காவை வகுப்புக்கு அழைத்து, என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் கையை விரித்துத் தழும்புகளைக் காட்டினார். "கண்ணாடி உடைஞ்சா தாள்ல சுத்தி, மேல 'கண்ணாடி'ன்னு எழுதிக் குடுங்க கண்ணு. நான் படிச்சிருவேன்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து எழுதிய பொட்டலங்கள் வரத் தொடங்கின. சிலதில் 'அக்கா, பார்த்து' என்றும் எழுதியிருந்தார்கள்.

அவரை வருடக் கடைசியில் அழைக்காதீர்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே, பால் கவர் பாடத்துக்கும் முன்னால் அழையுங்கள். அந்த ஒரு மணி நேரம் அவருடைய தெருவை யார் பார்ப்பது என்று ஊராட்சியில் முன்கூட்டியே பேசிவையுங்கள்.