கோவில் நோட்டீஸில் பழைய ‘லை’: யூனிகோடு மாறாமல் எழுத்தின் வடிவத்தை மட்டும் மாற்றும் முறை

எங்கள் குடும்பக் கோவில் கொடைவிழாவின் பழைய நோட்டீஸ் ஒன்றை அதே எழுத்து வடிவத்தில் மறுபடி அச்சிட விரும்பி, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிடிபி நிலையத்தில் கொடுத்தோம். தாளில் எல்லாம் அழகாகவே வந்தது. ஆனால் அவர்கள் கொடுத்த கோப்பை வீட்டுக் கணினியில் திறந்தபோது, ‘தக்கலை’ என்ற ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடந்தன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பழங்கால எழுத்துரு ஒன்றில் அது தட்டப்பட்டிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழே அல்ல. இந்த நிலை இன்னொருவருக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எந்த எழுத்துகள் என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழக அரசு 1978-இல் ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. பழைய ‘லை’யில் இணைக்கொம்பு முன்னால் தனியாக நிற்காது, யானைத் துதிக்கைபோல வளைந்த கோடு ஒன்று எழுத்தின் தலையோடு ஒட்டியிருக்கும். பழைய ‘ணா’வில் தனிக் கால் கிடையாது, எழுத்தின் முடிவே கீழிறங்கிச் சுழிந்திருக்கும். அந்த வடிவங்களை இங்கே தட்டிக் காட்ட எனக்கும் வழியில்லை, ஏனென்றால் கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் குறியீடு ஒன்றுதான்: லகரம் ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. எந்த வடிவத்தில் காட்டுவது என்பது எழுத்துருவின் வேலை.

அந்த வேலைக்கான பொது இலக்கணம்தான் ஓப்பன்டைப். மைக்ரோசாப்டும் அடோபியும் 1996-இல் அறிவித்த இந்த முறை, 2007-இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 14496-22 என்ற எண்ணில் பன்னாட்டுத் திறந்த தரமானது. எழுத்துருவுக்குள் ஒரு மாற்றீட்டு அட்டவணை இருக்கும். “இந்த வசதியை இயக்கினால் இந்த வடிவத்துக்குப் பதில் அந்த வடிவத்தைக் காட்டு” என்று அதில் எழுதியிருக்கும். ஸ்டைலிஸ்டிக் செட் எனப்படும் மாற்று வடிவத் தொகுதிகள் 20 வரை ஓர் எழுத்துருவில் இருக்கலாம்.

இனிச் செய்முறை. இலவச ஆவண மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரின் 6.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைத் திறந்து, யூனிகோடு விசைப்பலகையில் இந்த வரியைத் தட்டுங்கள்:

தோவாளை, தக்கலை, பேச்சிப்பாறை அணை, பத்மநாபபுரம் அரண்மனை, முப்பந்தல் காற்றாலை, கண்ணாடிப் பாலத்துக்கு முன்னால்.

ஐகார எழுத்துகள் நான்கும் ஆகார எழுத்துகள் மூன்றும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெயர்கள் நிறைந்த இந்த ஒரே வரியில் அடங்கிவிடுவதால், சோதனைக்கு நான் எப்போதும் இதையே வைத்துக்கொள்கிறேன். ஒகர, ஓகார எழுத்துகளுக்குக் ‘கண்ணோட்டம்’, ‘வேறொரு’, ‘என்னோடு’ போன்ற சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வரியைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் பட்டியலில் கேரக்டர் என்பதைத் திறந்தால் ஃபான்ட் என்ற தாவல் வரும். அங்கே மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு ஒன்று என எழுத்துருப் பெயர் தனித்தனியாகக் கேட்கப்படும். தொடக்கநிலையினர் பலரும் மேற்கத்தியப் பகுதியில் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று திகைக்கிறார்கள். நீங்கள் மாற்ற வேண்டியது காம்ப்ளெக்ஸ் என்று குறித்துள்ள பகுதியை. அங்கே எழுத்துருவைத் தேர்ந்து, ஃபீச்சர்ஸ் பொத்தானை அழுத்துங்கள். அந்த எழுத்துருவில் உள்ள வசதிகள் வரிசையாக வரும்; ஒவ்வொன்றாகக் குறியிட்டு, கீழே முன்னோட்டத்தில் துதிக்கை வடிவம் வருகிறதா என்று பாருங்கள். பழைய வடிவம் எந்தத் தொகுதியில் இருக்கும் என்பது எழுத்துருவை வடிவமைத்தவரின் முடிவு என்பதால், ஒரே எண்ணை எல்லா எழுத்துருவிலும் எதிர்பார்க்கக் கூடாது. எல்லாத் தமிழ் எழுத்துருக்களிலும் இந்த வடிவங்கள் வரையப்பட்டிருக்கும் என்றும் எண்ண வேண்டாம்; வரையாத வடிவத்தை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

வடிவம் வந்தபின் அதே வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். இன்றைய வடிவத்தில் ‘தக்கலை’ என்று தெளிவாக வந்தால், உரை கெடவில்லை என்று பொருள். ரைட்டரிலும் ‘தக்கலை’ என்று தேடினால் அகப்பட வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தச் சோதனைதான் முழு வேலையிலும் முக்கியமானது. கண்ணுக்கு அழகாக இருப்பதோடு நிறுத்திவிட்டால் எங்கள் பழைய நோட்டீஸின் கதிதான்.

சேமிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் இயக்கிய வசதியை லிப்ரே ஆபீஸ் எழுத்துருப் பெயருக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி இட்டுச் சேர்த்து எழுதிவைக்கிறது. இது அந்த மென்பொருளின் தனி வழக்கம். வேறு மென்பொருள் இதை அப்படியே புரிந்துகொள்ளும் என்று நம்ப முடியாது. ஆகவே மூலக் கோப்பை ரைட்டர் வழக்கமாகச் சேமிக்கும் ஓடிடி (.odt) வடிவில் உங்களிடம் வைத்துக்கொண்டு, அச்சகத்துக்குப் பிடிஎஃப் அனுப்புங்கள்; அதில் எழுத்துருவும் உள்ளேயே சேர்ந்து போவதால் நாகர்கோவிலில் திறந்தாலும் மார்த்தாண்டத்தில் திறந்தாலும் வடிவம் மாறாது. மூலக் கோப்பு வேறு கணினிக்குப் போய், அங்கே அந்த எழுத்துரு இல்லாமற்போனாலும், துதிக்கை மறைந்து இன்றைய ‘லை’ தெரியும். தக்கலை தக்கலையாகவே இருக்கும்.