பூல் மேசையில் குறி பார்ப்பது எப்படி

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் புதிதாகப் பூல் (கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது மோதும் பந்தை மேசையின் பாக்கெட்டில், அதாவது குழியில், விழவைக்கும் ஆட்டம்) ஆட வருபவர்கள், இரண்டு பந்தும் தொட வேண்டிய புள்ளிக்கே வெள்ளைப் பந்தைக் குறி வைத்து அடிக்கிறார்கள், எதிர்ப் பந்து பாக்கெட்டுக்குள் விழாமல் பக்கத்துக் குஷனில் (மேசையின் ஓரத்தில்) முட்டுகிறது. பந்தின் விட்டம் சுமார் 57 மி.மீ., அதனால் வெள்ளையின் நடு அந்தப் புள்ளிக்குப் போகவே போகாது, அரைப்பந்து தள்ளித்தான் நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்? பாக்கெட்டிலிருந்து எதிர்ப் பந்தின் நடு வழியாக மனதில் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் பந்துக்குப் பின்னால் இன்னொரு பந்து ஒட்டி இருப்பதாக நினைத்து, அதன் நடுவுக்கு அடியுங்கள்.

முதலில் பழக வேண்டியது அரைப்பந்து அடி. வெள்ளையின் நடுவை எதிர்ப் பந்தின் ஓரத்துக்கு நேராக விட்டால், வெள்ளை வந்த கோட்டிலிருந்து எதிர்ப் பந்து 30 டிகிரி விலகிப் போகும். பத்தாம் வகுப்பில் படித்த சைன் 30 = ½ தான் இது. வெள்ளை எதிர்ப் பந்தில் முக்கால் பாகத்தை மறைத்து மோதினால் சுமார் 14½, கால் பாகத்தை மறைத்து மோதினால் சுமார் 48½ டிகிரி.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. பந்துகள் உரசும்போது எதிர்ப் பந்து கொஞ்சம் இழுபடும், அழுக்குப் பந்தென்றால் இன்னும் அதிகம், அதனால் ஒரு நூல் மெலிதாகவே, அதாவது இன்னும் ஓரமாகவே தொடுங்கள். இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழையில்) துணி ஈரம் பிடித்துப் பந்து மெதுவாக ஓடும், அப்போது கொஞ்சம் பலமாக அடிக்க வேண்டும்.