கையால் செய்த குட்டிப் படைக்குப் பெயரும் கதையும்

பெயரை முதலில் யோசிக்காதீர்கள், நீங்கள் செய்த பொம்மை வீரர்களை மேசையில் வரிசையாக நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். ஒருவனின் வாள் வளைந்திருக்கும், இன்னொருவனின் கேடயத்தில் பசை வழிந்து தழும்பு மாதிரி காய்ந்திருக்கும், அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டாம், கதை அங்கேதான் இருக்கிறது. இடைக்காலப் பட்டப்பெயர்களில் பலவும் கண்ணில் பட்டதை வைத்து வந்தவைதான். 10ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டுக்கு 'நீலப்பல்' என்றே பெயர். உங்கள் ஆளுக்குத் 'தழும்புக் கேடயன்' போதும்.

ஊர்ப்பெயருக்கு நிலத்தைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு என்றால் எருதுகள் ஆற்றைக் கடக்கும் துறை. அதே வழியில் கருந்துறை, முப்பாலம் என்று வைத்தால் வரைபடமே மனதில் விரியும்.

கொடிக்கு ஒரு பழைய விதி உண்டு: மஞ்சள் தங்கத்தையும் வெள்ளை வெள்ளியையும் குறிப்பதால் அவை உலோகம், சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை எல்லாம் நிறம், நிறத்தின் மேல் நிறமோ உலோகத்தின் மேல் உலோகமோ வைக்கக் கூடாது. தூரத்திலிருந்து தெளிவாகத் தெரியும், குட்டிக் கேடயத்தில் இது ரொம்பவே உதவும்.

அப்புறம் வரலாறு. பத்துத் தலைமுறை வம்சாவளி எழுத உட்காராதீர்கள், தீராத ஒரு சிக்கலைக் கொடுங்கள். இடைக்கால ஐரோப்பாவில் பிரபுவுக்காகப் போருக்குப் போகும் கடமை பல இடங்களில் ஆண்டுக்கு 40 நாள்தான். சரி, முற்றுகை முடியாமலே 41ஆம் நாள் விடிந்தால் யார் வீட்டுக்குப் போவார்கள், யார் நிற்பார்கள்? நின்றவர்கள்தான் உங்கள் படை. ஏன் நின்றார்கள் என்பதை ஆளுக்கு ஒரு வரியாகப் பொம்மை நிற்கும் அடித்தட்டின் கீழே எழுதி வையுங்கள்.